பால் டின்னும் நற்பெயரும்

வியாபாரத்திற்கு முதல் வேண்டுமென்பது யாவரும் அறிந்ததே. ஆனால் முதல் என்பது பணம் மட்டுமன்று. பெயரும் ஒரு முதலேயாகும். பணத்தை இழந்தவன் கடன் வாங்கியேனும் மறுபடி கடை திறக்கக் கூடும். பெயரை இழந்தவனுக்குக் கடன் கொடுப்பாரும் இல்லை. அவன் சரக்கை வாங்குவாரும் இல்லை. உணவுப் பொருள் விற்பவனுக்கோ இது இன்னும் பதின்மடங்கு பொருந்தும். துணி மட்டமாயிருந்தால் சாயம் போவதோடு சரி. உணவு மட்டமாயிருந்தால் உயிருக்கே மோசம். ஆகையினாலேதான் ஜனங்கள் டின்னின் மேல் ஒட்டியுள்ள சின்னத்தைப் பார்த்து, உள்ளே இருப்பதைப் பார்க்காமலே, நம்பி வாங்குகிறார்கள்.

இவ்வாறு நாம் எல்லோரும் சொல்லி வருகிறோம். ஆயினும் இது எவ்வளவு தூரம் உண்மை என்று யோசித்துப் பார்த்தவர்கள் சிலரே. ஒரு கம்பெனியின் செய்கையால் தீங்கு விளைந்தால், அன்றே அதன் பெயர் கெட்டுப் போகிறதா? அல்லது வேறு ஏதேனும் நடந்த பிறகுதான் கெடுகிறதா? கெட்டுப் போன பெயர் கம்பெனியைத் திருத்துகிறதா? இக்கேள்விகளுக்கு விடை காண, உலகத்தின் மிகப் பெரிய உணவுக் கம்பெனியாக வளர்ந்த நெஸ்லேயின் குழந்தைப் பால் விவகாரத்தை இங்கே ஆராய்வோம். அதை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அவ்விவகாரத்தில் மிக முந்தி எழுந்த எச்சரிக்கைகளுள் ஒன்று ஐரோப்பாவில் எழவில்லை; சிங்கப்பூரில் எழுந்தது.

பறவைக் கூட்டுச் சின்னம்

1866-ம் ஆண்டில் பேஜ் என்னும் அமெரிக்க சகோதரர்கள் ஸ்விட்ஸர்லாந்தில் காம் என்ற ஊரில் கெட்டிப் பால் செய்யும் தொழிற்சாலை ஒன்றை ஏற்படுத்தினார்கள். அடுத்த ஆண்டில், அந்நாட்டின் வேவே நகரில் குடியேறியிருந்த ஹென்ரி நெஸ்லே என்ற ஜெர்மன் மருந்தாளர், பசுவின் பாலும் கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துக் குழந்தைகளுக்கான ஒரு மாவு செய்தார். தாய்ப்பால் கிடைக்காத சிசுக்கள் ஏராளமாக மாண்டுபோன காலம் அது. ஆதலால் அம்மாவு ஒரு நன்மையாகவே வந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. தம் குடும்பப் பெயருக்குச் சிறு கூடு என்ற பொருள் இருந்தமையால், தாய்ப் பறவை கூட்டிலுள்ள குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதைத் தம் சரக்கிற்குச் சின்னமாக அவர் வைத்துக்கொண்டார். 1905-ல் இவ்விரு கம்பெனிகளும் ஒன்றாயின.

1912-ல் இக்கம்பெனி பினாங்கில் வந்து இறங்கிற்று. மலாயாவில் ரப்பரும் ஈயமும் பெருகி, தோட்டங்களிலும் பட்டணங்களிலும் லட்சக் கணக்கில் தொழிலாளர் வந்து சேர்ந்த காலம் அது. மேய்ச்சல் நிலம் குறைவு, வெயிலோ கடுமை, கறந்த பால் உச்சிவேளைக்குள் கெட்டுவிடும். சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய டின் பாலோ மாதக் கணக்கில் கெடாது. ஆகவே அது காப்பிக் கடைகளில் புகுந்து, இன்றளவும் நம் தேநீரை விட்டு நீங்காமல் இருக்கிறது. தேநீரோடு நின்றிருந்தால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அது சிசுவின் புட்டியிலும் புகுந்தது. விவகாரம் அங்கேதான் பிறந்தது.

சர்க்கரை சேர்த்த கெட்டிப் பாலில் நூற்றுக்கு 40 பங்கிற்கு மேல் சர்க்கரையே. அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்துச் சிசுவுக்குக் கொடுத்தால் வயிறு நிறையும்; உடல் பருத்தாற்போலவும் தோன்றும். ஆனால் வளர்ச்சிக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் போதா. ஆடை எடுத்த பாலில் செய்ததாயின், கண்ணைக் காக்கும் ஏ வைட்டமினும், எலும்பை உறுதியாக்கும் டி வைட்டமினும் அற்றுப் போம். காசுக்கு முடையான வீட்டில் ஒரு டின்னை நான்கு நாள் இழுக்கவேண்டி நீரை மேலும் ஊற்றுவார்கள். அந்த நீர் கொதிக்க வைத்ததோ, அப்புட்டி சுத்தமானதோ என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தாய்ப்பாலில் நோய் எதிர்க்கும் சக்தி உண்டு, டின்னில் அஃதில்லை. பேதி கண்டால் இரண்டே நாளில் பிள்ளை போய்விடும்.

1939-ல் ஒரு குரல்

ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் 1893-ல் ஜமைக்காத் தீவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் நாட்டில், இன்று கானா என வழங்கும் தேசத்தில், குழந்தை வைத்தியம் செய்தவர். அடுத்த பிள்ளை பிறந்தவுடன் முலைமறந்த மூத்த பிள்ளை உடல் வீங்கி, தோல் உரிந்து மாளும் நோயை 1933-ல் வைத்திய உலகிற்கு எடுத்துக் கூறியவர் அவரே. அந்நாட்டுத் தாய்மார் வழங்கிய குவாஷியோர்கர் என்னும் பெயரையே அவர் அந்நோய்க்குப் பின்னர் வைத்தார். 1936-ல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார்.

சிங்கப்பூரின் நெருக்கமான குடியிருப்புகளில் அவர் கண்ட காட்சி வேறு விதமானது. இங்கே தாய்க்குப் பால் இருந்தது. பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை. தாதிகளைப் போல் உடை உடுத்த பெண்கள் பால் கம்பெனிகளின் சம்பளத்தில் வீடு வீடாகச் சென்று, பிள்ளை பெற்றவளுக்கு டின் பாலின் மேன்மையைப் போதித்து வந்தனர். வெள்ளை உடுப்பைக் கண்டால் ஏழைப் பெண் அதை ஆஸ்பத்திரியின் கட்டளை என்று எண்ணுவாளே தவிர, வியாபாரியின் தந்திரம் என்று எண்ணுவாளா? சில நாள் புட்டிப் பால் கொடுத்தால் தாயின் மார்பில் பால் வற்றத் தொடங்கும். அப்புறம் டின்னை வாங்கித்தான் தீரவேண்டும். முதல் டின் இனாமாக வரலாம். இரண்டாவது டின்னுக்கு விலை உண்டு. மூன்றாவதற்குள் தாய்ப்பால் போய்விடும். வியாபாரம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் நின்றது.

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசுமாறு அவரை அழைத்தார்கள். வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் கூடும் சங்கம் அது. பாலும் கொலையும் என்ற தலைப்பை வைத்துக்கொண்டு அவர் பேசினார். சிசுவுக்கு ஏற்காத பாலை ஏற்றதென்று பிரசாரம் செய்வது மிகக் கொடிய ராஜத்துரோகமாகத் தண்டிக்கப்பட வேண்டும் என்றும், அதனால் நேரும் சாவுகளைக் கொலை என்றே கருத வேண்டும் என்றும் அவர் சொன்னார். அவ்வளவு வன்மையான சொல்லை அக்காலத்தில் ஓர் அரசாங்க டாக்டர், அதுவும் ஒரு பெண், அத்தகைய சபையில் சொன்னது சாமானியமன்று.

பலன் என்ன? கம்பெனிகளின் பெயருக்கு ஒரு குந்தகமும் நேரவில்லை. டின் பால் முன்போலவே விற்றது. பின்னர் யுத்தம் வந்தது. திரெங்கானுவிலிருந்து காடு கடந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்த அந்த டாக்டர், ஜப்பானியர் ஆட்சியில் சாங்கிச் சிறையில் வாடினார். யுத்தம் முடிந்தபின் 1948-ல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் தாய் சேய் நலப் பகுதிக்கு முதல் தலைவரானார். 1939-ல் அவர் செய்த பிரசங்கமோ அநேகமாக மறக்கப்பட்டது.

இது ஏன்? நம் தோட்டத்தையே எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, மரத்தில் பால் எடுக்கப் போவாள். அவள் மார்பிலுள்ள பால் கட்டிக்கொண்டு நோகும். குழந்தையோ ஆயாவின் கையில் டின் பாலைக் குடிக்கும். அது இறந்தால் அழுவதற்குத் தாய் உண்டு, எழுதுவதற்கு ஆளில்லை. அவளுக்குப் படிப்பில்லை, பத்திரிகைக்கு அவள் பேச்சு எட்டாது. கம்பெனியின் பெயரைக் காத்தது அதன் யோக்கியதையன்று. இத்தாய்மாரின் மௌனமே காத்தது. பெயர் என்பது பேசத் தெரிந்தவர்கள் வாயில்தான் வாழ்கிறது. அவர்கள் வாயில்தான் சாகிறது.

தலைப்பு ஒன்று, வழக்கு ஒன்று

பெயர் கெடத் தொடங்கியது அப்பிரசங்கம் நடந்து ஏறக்குறைய 35 ஆண்டுகள் ஆனபின்தான். 1973-ல் இங்கிலாந்தின் நியூ இன்டர்நேஷனலிஸ்ட் பத்திரிகை, ஏழை நாடுகளில் புட்டிப் பாலால் விளையும் துன்பத்தைப் பற்றி இரண்டு குழந்தை வைத்தியர்களின் கருத்துக்களை வெளியிட்டது. 1974-ல் வார் ஆன் வான்ட் என்ற ஆங்கில தர்ம ஸ்தாபனம், மைக் மல்லர் எழுதிய சிறு புத்தகம் ஒன்றைப் பிரசுரித்தது. அது ஒரு கம்பெனியை மட்டும் சாடவில்லை. பல கம்பெனிகளின் முறைகளை எடுத்துரைத்தது. 1939-ல் சிங்கப்பூரில் கண்ட தாதி உடுப்பு, ஆப்பிரிக்க நாடுகளின் பிரசவ ஆஸ்பத்திரிகளில் அப்போதும் நடமாடிக்கொண்டிருந்தது.

அதே ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்து வாலிபர் குழு ஒன்று அப்புத்தகத்தை ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்தது. மூலத்தின் தலைப்பில் இல்லாத கம்பெனியின் பெயரைத் தலைப்பிலேயே சேர்த்து, நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது என்று அச்சிட்டது. கம்பெனிக்குக் கோபம் வந்தது; அவதூறு வழக்குத் தொடுத்தது.

வழக்கு இரண்டு ஆண்டு நடந்தது. கம்பெனி கூறிய குற்றச்சாட்டுக்கள் நான்கு. சாட்சியம் நெருங்க நெருங்க அவற்றில் மூன்றைக் கம்பெனியே கைவிட்டு, தலைப்பைப் பற்றிய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது. 1976 ஜூன் மாதத்தில் தீர்ப்பு வந்தது. கொன்றது என்னும் சொல் சட்டத்தின் முன் ருசுவாகவில்லை என்று, 13 பேருக்குத் தலைக்கு 300 பிராங்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் கம்பெனி தன் விளம்பர முறைகளை அடியோடு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் நீதிபதி அதே வாயால் சொன்னார்.

கம்பெனி வழக்கில் வென்றது, பெயரில் தோற்றது. ஒரு சிறு குழு அச்சிட்ட சிறு புத்தகத்தைச் சில ஆயிரம் பேர் படித்து மறந்திருப்பார்கள். வழக்கு நடந்ததாலன்றோ உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் நாள் தவறாமல் அத்தலைப்பை எடுத்து எழுதின! தன் மேல் விழுந்த சேற்றைத் துடைக்கப் போய், அதை உடம்பெல்லாம் பூசிக்கொண்டது போலாயிற்று.

பகிஷ்காரம்

1977 ஜூலை 4-ந் தேதி அமெரிக்காவில், மினியாபோலிஸ் நகரில், நெஸ்லே சரக்குகளைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் தொடங்கிற்று. காப்பித் தூள், சாக்கலேட் முதலியவற்றை வாங்காமல் விடுவதே அதன் ஆயுதம். கிறிஸ்தவ சபைகளும் மாணவர் சங்கங்களும் சேர்ந்தன; அது வேறு பல நாடுகளுக்கும் பரவிற்று. ஏழைத் தாயின் கண்ணீர் ஏறாத காதில், பணக்கார நாட்டுக் காப்பிக் கோப்பையின் சத்தம் ஏறிற்று.

1978 மே மாதத்தில் அமெரிக்க செனட் சபையில் எட்வர்ட் கென்னடி விசாரணை நடத்தினார். சுத்தமான நீரும், படிக்கத் தெரிந்த பெற்றோரும், போதிய வருமானமும் இருந்தால்தான் ஆபத்தின்றிப் பயன்படக்கூடிய ஒரு பொருளை, இவை ஒன்றும் இல்லாத இடத்தில் விற்கலாமா என்று அவர் கேட்டார். நெஸ்லேயின் பிரேசில் தலைவர், பகிஷ்கார இயக்கம் சுதந்திர வியாபார முறையின் மேல் செய்யப்படும் தாக்குதல் என்று சபையில் கூறினார். நீர் கெட்டிருப்பதற்குக் கம்பெனி பொறுப்பாகாது என்பதும் அவர் வாதம். வாதம் என்ற அளவில் அதைத் தள்ளிவிட முடியாது. ஊர்க் கிணற்றைக் கம்பெனி கெடுக்கவில்லை. ஆனால் கிணறு கெட்டிருப்பதை அறிந்தும், அதே நீரில் கரைக்க வேண்டிய பொருளை அங்கே கொண்டு போய்த் தாயின் கையில் கொடுத்தவர் யார்? இக்கேள்விக்குச் செனட் சபையில் விடை வரவில்லை. வியாபாரியின் பதிலே அவன் பெயரை அவன் சரக்கினும் அதிகமாகக் கெடுத்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

1979 அக்டோபரில் உலகச் சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் ஜெனீவாவில் ஒரு மகாநாடு கூட்டின. அங்கே கூடிய தொண்டர்கள் குழந்தை உணவு நடவடிக்கை வலை என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார்கள். அதை நிறுவியவர்களுள் ஒருவர் நம் பினாங்கின் அன்வார் பசால். கம்பெனி 1912-ல் வந்து இறங்கிய அதே தீவு, கம்பெனியைக் கேள்வி கேட்பவர்களின் பாசறையும் ஆயிற்று. ஸிஸிலி வில்லியம்ஸின் பிரசங்கம் 1986-ல் அதே பினாங்கிலிருந்து, சர்வதேசப் பயனீட்டாளர் சங்கங்களின் ஸ்தாபனத்தால் அச்சிட்டு வெளியிடப்பட்டது. பேசி 47 ஆண்டுகள் கழித்து அப்பேச்சுக்கு உலகத்தில் காது கிடைத்தது.

விதி பிறந்தது

1981 மே 21-ந் தேதி உலகச் சுகாதார சபை, தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் பொருள்களின் வியாபார முறைக்கு ஒரு சர்வதேச விதித் தொகுப்பை நிறைவேற்றிற்று. ஆதரித்த நாடுகள் 118; எதிர்த்தது ஒன்றே ஒன்று, அமெரிக்கா; மூன்று நாடுகள் நடுநிலை வகித்தன. பொதுஜனங்களுக்கு விளம்பரம் கூடாது. தாய்மாருக்கு இனாம் மாதிரி கூடாது. கம்பெனியின் ஆட்கள் தாய்மாரைத் தேடிப் போகக் கூடாது. டின்னின் மேல் கொழுகொழுவென்ற குழந்தைப் படம் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று டின்னிலேயே அச்சிட வேண்டும். இவையே அதன் சாரம். 1939-ல் ஒரு டாக்டர் தனியாக நின்று கேட்டதை 118 தேசங்கள் கூடி ஒப்புக்கொண்டன.

1982-ல் நெஸ்லே அவ்விதிகளை ஏற்பதாக அறிவித்து, அமெரிக்காவின் முன்னாள் வெளிநாட்டு மந்திரி எட்மண்ட் மஸ்கியின் தலைமையில் தன்னையே சோதிக்கும் குழு ஒன்றையும் அமைத்தது. 1984-ல் பகிஷ்காரம் நிறுத்தப்பட்டது. அத்துடன் முடிந்ததா? ஆஸ்பத்திரிகளுக்கு இனாமாகப் பால் மாவு குவிகிறது என்ற குற்றச்சாட்டின் மேல், 1988-ல் பகிஷ்காரம் மறுபடி தொடங்கப்பட்டது. தான் குழந்தைப் பாலை நெறியோடும் பொறுப்போடும் விற்று வருவதாகக் கம்பெனி இங்கிலாந்தில் செய்த விளம்பரத்தை, அந்நாட்டின் விளம்பர ஒழுங்குச் சபை 1999-ல் ஏற்க மறுத்துத் தீர்ப்புக் கூறிற்று. 2024-ல் ஸ்விட்ஸர்லாந்தின் பப்ளிக் ஐ என்ற ஸ்தாபனம், ஐரோப்பாவில் சர்க்கரை சேர்க்காமல் விற்கும் குழந்தைத் தானிய உணவில், ஏழை நாடுகள் பலவற்றில் சர்க்கரை சேர்க்கப்படுகிறது என்று வெளியிட்டது. இந்தியாவின் பெயரும் அதில் இருந்தது. அந்தந்த நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டே விற்கிறோம் என்று கம்பெனி பதில் சொன்னது.

நாம் அறிய வேண்டியது

முதலில் கேட்ட கேள்விகளுக்கு வருவோம். தீங்கு விளைந்த அன்றே பெயர் கெடவில்லை. தீங்கு பேசப்பட்ட அன்றுங்கூடக் கெடவில்லை. வாங்கும் சக்தியுள்ளவர்கள் கேட்டு நம்பிய பிறகே கெட்டது; கம்பெனியின் சினமும் வழக்கும் அதை வளர்த்துவிட்டன. கெட்ட பெயர் கம்பெனியைக் கவிழ்க்கவும் இல்லை. இவ்வளவு நடந்தும் அது வளர்ந்துகொண்டே வந்தது. பழியால் பெரிய வியாபாரிகள் அழிந்து போவார்கள் என்று நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏமாந்து போவார்கள்.

பின்னே அந்தப் பழியால் என்ன பயன் என்றால், அதிலிருந்து ஒரு விதி பிறந்தது. பழி நாளடைவில் மறந்து போம். காகிதத்தில் எழுதி, சபையில் நிறைவேற்றி, மீறினால் சுட்டிக்காட்ட ஆளும் வைத்த விதி நிற்கும். விதியையும் கவனிப்பார் இல்லாவிட்டால் அதுவும் தூங்கிப் போகும் என்பதை 1988-ம் ஆண்டும் 2024-ம் ஆண்டும் காட்டின.

டின் பாலே விஷம் என்று நாம் சொல்ல வரவில்லை. தாயை இழந்த பிள்ளைக்கும், பால் சுரக்காத தாயின் பிள்ளைக்கும், டாக்டர் சொல்லும் முறைப்படி செய்த குழந்தைப் பால் உயிர் காக்கும் பொருளே. புட்டியில் பால் கொடுக்க நேர்ந்த எந்தத் தாயையும் நாம் குறை கூறவும் மாட்டோம். பெரட்டுக்கு ஓடியவளுக்கு வேறு வழி யார் வைத்தார்கள்? குற்றம், வேண்டாதவளுக்கு வேண்டுமென்ற எண்ணத்தை உண்டாக்கி விற்பதில் இருக்கிறது.

இன்று தாதி உடுப்பு அணிந்து எவரும் நம் வாசலுக்கு வருவதில்லை. அதற்கு அவசியமில்லை, கைத் தொலைபேசி வழியாகவே வருகிறார்கள். 8 நாடுகளில் 8,500 பெற்றோரையும் கர்ப்பிணிகளையும் விசாரித்து, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரைக் குழந்தைப் பால் வியாபாரிகளின் விளம்பரம் தேடி வந்தடைந்ததென்று 2022-ல் உலகச் சுகாதார ஸ்தாபனமும் குழந்தைகள் நிதியும் வெளியிட்டன. உடுப்பு மாறியிருக்கிறது, தொழில் மாறவில்லை.

ஆகவே தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள நம்மவர்க்கு நாம் கூறுவது இதுதான். சின்னத்தைப் பார்த்து வாங்குவதை விட்டு, டின்னைத் திருப்பிப் பின்புறத்தைப் படியுங்கள். இனாமாக வருவதைக் கண்டால், அதற்கு விலை கொடுக்கப் போகிறவர் யார் என்று கேளுங்கள். படிக்கத் தெரியாத தாய் பக்கத்து வீட்டில் இருந்தால் அவளுக்குப் படித்துச் சொல்லுங்கள். தவறு கண்டால் சங்கத்தில் பேசுங்கள், பத்திரிகைக்கு எழுதுங்கள். 1939-ல் பேச ஒருவர் இருந்தார், கேட்க ஆளில்லை. இன்று நம்மில் கேட்பவர்களும் பேசுபவர்களும் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் வாயடைத்து நின்றால், இறந்து போன அச்சிசுக்களுக்கு இரண்டாம் முறையும் அநியாயம் செய்தவர்களாவோம்.